மூச்சுக்குழாயில் அடைத்த துணி

"அக்கா காரோட சாவியைக் குடுங்கப்பா."

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா எவனோடோ கடல் தாண்டிப் போன நாளிலிருந்து அதுதான் சட்டம். இவள் அப்போது கல்லூரி விடுதியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்தபோது அக்காவின் கட்டில் மடக்கி வைக்கப்பட்டிருந்தது, கார் கொட்டகை சாத்தியிருந்தது, பேச்சு முடிந்திருந்தது.

கிடங்கில் மூட்டை எடை போடும் அப்பா, தராசு முள்ளைப் பார்க்கும் அதே கண்ணால் மகளைப் பார்த்தார். சண்டைக்குத் தயாராகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் இவள். சண்டை வரவில்லை. அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து கைகழுவினார், உள்ளே போனார், சாவியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அதுதான் முதலில் உறுத்தியது.

"எடுத்துக்கோ. ஆனா ஓடாது. இன்ஜின்ல எண்ணெய் ஒழுகுது."

"ஒழுகுறதை அடைக்கத்தானே என்னைப் படிக்க வச்சீங்க?"

அம்மா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அடைச்சதெல்லாம் போதும்" என்றாள்.

அப்பா அம்மாவைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டம் இவளுடையது. கண்ணாடி போட்டு மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்கள். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இவள் எங்காவது கிளம்புகிறேன் என்றால் மட்டும் முகம் சுருங்கும். இப்போது வெளியூரில் ஒரு பழுதுபார்க்கும் கம்பெனி கூப்பிட்டிருந்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற வேலை. சொந்த வண்டியோடு திங்கட்கிழமை வந்து நின்றால் வேலை இவளுக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. ஆக, அக்கா விட்டுப்போன அந்தக் கார் ஓடினால்தான் இவள் இந்த வீட்டைவிட்டுப் போக முடியும்.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் பூட்டிக் கிடந்த இடத்தின் புழுதி வாடை வரும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். வந்தது வேறு வாடை. பெட்ரோல் புகையும், வியர்த்த தலையணையும், சீப்பில் சிக்கிய முடியும் கலந்த மாதிரி ஒன்று, யாரோ இப்போதுதான் தூங்கி எழுந்துபோன அறையின் வாடை. தகரக் கூரையின் ஓட்டை வழியாக விழுந்த பகல் வெளிச்சத்தில் தூசி அசையாமல் தொங்கியது. பானெட்டைத் தூக்கினாள். இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் கவரைச் சுற்றிக் கறுப்பாகக் கசிந்திருந்தது. தொட்டாள். வருடக்கணக்கில் நின்ற எண்ணெய் தார் மாதிரி இறுகியிருக்க வேண்டும். இது இளகி, லேசான சூட்டோடு விரலில் ஒட்டியது.

வெயிலில் தகரம் காய்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள். படித்தவள் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கையில் இருந்தது.

ஆனால் அந்தக் கவரை அடைத்திருந்த விதத்துக்குக் காரணம் கிடைக்கவில்லை. யாரோ ஒரு பைத்தியக்காரன் பசையை டியூப் டியூப்பாகப் பிதுக்கி, விளிம்பு, போல்ட் தலை, எண்ணெய் ஊற்றும் மூடி என்று கண்ணில் பட்ட எல்லாவற்றையும் பூசி மெழுகியிருந்தான். அதைவிடக் கூத்து, இன்ஜின் காற்று விடும் மூச்சுக்குழாய்க்குள் அப்பாவின் பழைய பனியனைச் சுருட்டி அடைத்திருந்தது. இன்ஜின் என்றால் என்னவென்றே தெரியாதவன் செய்கிற வேலை. மூச்சுக்குழாயை அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், எண்ணெய் கிடைத்த இடத்தில் பீய்ச்சிக்கொண்டு வரும்.

துணியின் நுனியைக் குறட்டால் பிடித்து இழுத்தாள். நீளமாக வந்தது. கடைசி முழம் வெளியே வந்தபோது குழாயிலிருந்து காற்று நிதானமாக வெளியேறியது. நெடுநேரம் வெளியேறியது. பிறகு ஒரு இடைவெளி விட்டு, உள்ளே போனது.

ஓடாத இன்ஜின் காற்றை உள்ளே இழுக்காது.

அதற்கும் ஒரு காரணம் தேடினாள். கிடைக்காமல், வேலையைப் பார்த்தாள். கவரைக் கழற்றி, கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கட்டைப் பிளேடால் சுரண்டி, தின்னரால் துடைத்தாள். உட்பக்கம் பிதுங்கிக் காய்ந்த பசையில் வரிவரியாக அழுத்தங்கள் இருந்தன. விரல் பதிந்த மாதிரி. வெளியிலிருந்து பூசியவனின் விரல் உட்பக்கம் எப்படிப் பதியும் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அதையும் சுரண்டிப் போட்டாள். கேம் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் சீல் வளையத்தைக் கொக்கியால் நெம்பி எடுத்துப் புதியதைத் தட்டி இறக்கினாள். புது கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மாற்றி மாற்றி முறுக்கினாள். ஒரு நூல் பிசகில்லை.

மறுநாள் காலை வண்டிக்கு அடியில் எண்ணெய்க் குளம்.

"நான்தான் சொன்னேனே" என்றார் அப்பா, கொட்டகைக்குள் கால் வைக்காமல். "பட்டம் வாங்கினா போதுமா, கைக்கு வர வேணாமா?"

அவமானத்தில் காது சூடேறியது. கழற்றினாள், மறுபடி செய்தாள். இந்த முறை முறுக்கி முடித்ததும், நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு போல்ட் தலையிலும் கவர் வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். போல்ட் அசைந்தால் கோடு முறியும்.

மதியம் வந்து பார்த்தாள். எல்லாக் கோடும் முறிந்திருந்தது.

பேய் பிசாசு என்றால்கூடப் பரவாயில்லை. சிவப்புப் பூச்சின்மேல் ஸ்பேனர் வழுக்கிய கீறல் தெரிந்தது. வீட்டில் ஒரு ஆள் தன்னைப் போகவிடாமல் செய்கிறது என்று நினைத்ததும், பயம் சட்டென்று கோபமானது. இறுக்கினாள். வீட்டுக்குள் போகிற மாதிரி போய், பின்பக்கமாக வந்து, கொட்டகை மூலையில் இருந்த டயர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

அப்பாதான் வருவார் என்று இருந்தாள். வந்தது அம்மா.

முந்தானைக்குள்ளிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பழகிய கை. ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள். பிறகு குனிந்து, டேப்பெட் கவர்மேல் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெஞ்சில் படுக்கிற மாதிரி.

"இப்ப சரியாடா கண்ணு? மூச்சு வருதா?"

"அம்மா."

அம்மா திடுக்கிடக்கூட இல்லை. "சத்தம் போடாத. உங்கப்பா மறுபடி பசையைத் தூக்கிட்டு வந்துடுவாரு. அடைச்சா இவளுக்கு முட்டுதுடி."

"யாருக்கு?"

அம்மா கவரைத் தடவிக்கொடுத்தாள்.

"அக்கா நேத்து போன் பண்ணினா, உன்னைக் கேட்டான்னு அப்பாவுக்குத் தெரியாம வாராவாரம் என் காதுல சொன்னியே. நான் வீட்ல இல்லாதப்பவே கூப்பிடுறாளேன்னு அவளை எவ்வளவு திட்டியிருப்பேன். யாரும்மா பேசினது?"

"நீ படிப்பை விட்டுடுவியேன்னுதான்..."

"என் படிப்பை இதுல இழுக்காத. என்ன நடந்துச்சு?"

அம்மா சொன்னாள், அடுத்த தெரு சங்கதி மாதிரி. அக்கா எவனோடும் போகவில்லை. தனியாக வேலைக்குப் போகத்தான் கிளம்பினாள். காருக்குள் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, கதவைத் திறங்க என்று ஹாரன் அடித்தாள். அப்பா கொட்டகைக் கதவைச் சாத்தி, வெளியே முதுகைக் கொடுத்து நின்றார். பூட்டுக்கூடப் போடவில்லை. இறங்கி வந்து கொஞ்ச நேரம் தட்டுவாள், ஓய்ந்துவிடுவாள், புத்தி வரும் என்றார்.

"நீ எங்கே இருந்த?"

"சமையலறைல. தட்டுற சத்தம் அக்கம்பக்கம் கேட்டா நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்களேன்னு மிக்சியைப் போட்டேன்."

"காலி மிக்சியையா?"

"ஆமா" என்றாள் அம்மா. "ரொம்ப நேரம். கதவைத் திறந்தப்ப வண்டிப் புகைல அவ மூச்சு நின்னிருந்துச்சு."

அப்பாவை இவள் எப்போதும் எதிரியாகவே வைத்திருந்தாள். அவரிடம் ஏமாற எதுவும் இல்லை. ஆனால் பரீட்சைக்குப் படிக்கும்போது முதுகைத் தடவிக் கொடுத்த கை இந்தக் கை. அதுவே மிக்சியைத் திருகிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறது.

இன்ஜினுக்குள் ஏதோ சின்னதாகத் தட்டியது. நின்றது. தட்டியது.

இவளுடைய கை எப்போதோ வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது. தளர்ந்த போல்ட்களை விரலாலேயே சுழற்றி எடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் மூடி. பிளக்குகள். மூச்சுக்குழாய். அம்மா அதைத் தாமதமாகத்தான் பார்த்தாள்.

"என்னடி பண்றே? கொஞ்சமாத்தான் திறக்கணும். முழுசா திறந்தா அவ..."

"வரட்டும்."

கவரைத் தூக்கித் தரையில் வைத்தாள். உள்ளே பார்க்கவில்லை. கொட்டகைக் கதவின் இரண்டு பக்கத்தையும் சுவர் வரைக்கும் தள்ளினாள். அம்மா வீட்டைப் பார்த்து ஓடினாள், "என்னங்க, என்னங்க" என்றபடி. முன்கதவு சாத்திக்கொண்டது.

இவள் பையை எடுக்கவில்லை. சான்றிதழை எடுக்கவில்லை. சாவியை இன்ஜின்மேல் வைத்தாள். கார் வேண்டாம். திங்கட்கிழமையும் வேண்டாம். நேரே போலீஸ் நிலையத்துக்கு நடப்பது, அங்கே வாயைத் திறப்பது. அவ்வளவுதான்.

முற்றத்தைக் கடக்கும்போது பக்கத்தில் ஏதோ ஈரமாகக் கடந்துபோனது. சூடான எண்ணெய் வாடை. சீப்பு முடி வாடை. தோளில் ஒரு கணம் பாரம். பிறகு இல்லை.

பின்னால் வீட்டுச் சன்னல்கள் சாத்தும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

கேட்டில் கை வைத்தபோதுதான் திரும்பினாள்.

முன்கதவு உள்ளேயிருந்து அதிர்ந்தது. அப்பாவின் முஷ்டி. அம்மாவின் உள்ளங்கை. வெளியே பூட்டு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, ஆனாலும் கதவு நகரவில்லை. அதன் வெளிப்பக்கத்தில், தலையும் தோளும் முதுகுமாக, கறுப்பாக ஓர் ஆள் சாய்ந்த ஈரம். மரத்தில் எண்ணெய் வழிந்தது. படியில் இரண்டு பாதங்களின் தடம், விரல்கள் இவளைப் பார்த்தபடி. கதவில் விழுந்த ஒவ்வொரு அடிக்கும் அந்தத் தடம் இன்னும் கொஞ்சம் ஊன்றிக்கொண்டது.

"கதவைத் திறடி" என்றார் அப்பா உள்ளேயிருந்து. யாரிடம் சொன்னாரோ.

இவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி நடந்தாள்.