துருத்தி அமுக்கியவள்

அழித்த முனகல் மறுபடியும் கேட்டது. வெண்மதி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள். அப்போதும் கேட்டது.

காரிமங்கலத்து வீட்டின் பின்னறையில், சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, காலையிலிருந்து ஒரே கேசட்டைத்தான் கணினியில் ஏற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். நாடகக் கம்பெனிகளுக்குக் காதல் பாட்டாக மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு, கேட்க நாதியில்லாமல் செத்துப்போன தீர்த்தகிரியின் ஆர்மோனிய வாசிப்பு அது. அவரைக் கண்டெடுத்தவர் என்று நாளை நடக்கிற விழா நோட்டீஸில் அவள் புருஷன் அறிவழகன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. பொம்மிடியில் தீர்த்தகிரியின் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஏறி, எலிப்புழுக்கைக்கு நடுவே இந்தக் கேசட்டையும் அந்த ஆர்மோனியப் பெட்டியையும் இறக்கிக்கொண்டு வந்தவள் வெண்மதி. நோட்டீஸில் அவள் பெயரை எந்த மூலையிலும் காணோம்.

தீர்த்தகிரி இரண்டு கையாலும் வாசிப்பவர். அதனால் எதிரே உட்கார்ந்து பெட்டியின் துருத்தியை அமுக்கிக் காற்று கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கடைசிவரை அமுக்கியவள், அவருக்குப் பின்னாலேயே செத்துப்போன அவர் மனைவி காசியம்மாள். கேசட் முழுக்க அவள் மூச்சு, அவள் முனகல்.

"அந்தப் பொம்பள முனகல எடுத்துடு. கேக்கவே அசிங்கமா இருக்குது," என்றிருந்தான் அறிவழகன், மத்தியானம் தருமபுரிக்கு மண்டபம் பார்க்கக் கிளம்பும்போது.

"முனகல்தாங்க முன்னாடி வருது. அதுக்கப்புறந்தான் பொட்டி அதே மெட்டப் புடிக்குது. இதெல்லாம் அந்தம்மா போட்ட மெட்டுங்க."

"நாளைக்கு விழாவ வச்சிக்கிட்டு இப்ப வந்து சொல்றியே. எடுன்னா எடு."

அவன் போன பிறகு கேசட்டை இன்னொரு முறை முழுக்கக் கேட்டாள். ஆனாலும் எடுத்துவிட்டாள். அந்தக் கிழவியின் குரலைத் தன் கையாலேயே துடைத்துப்போட்டாள்.

இப்போது மூலையில், பழைய போர்வை போர்த்தி வைத்திருந்த பெட்டிக்குப் பின்னாலிருந்து, வெற்றிலை எச்சிலும் வேர்வையும் கலந்த ஒரு வாடை மெல்ல நகர்ந்து வந்து அவள் கழுத்தருகில் நின்றது. போர்வை ஏறி இறங்கியது. உள்ளே காற்று போகிற சத்தம். வெளியே வருகிற சத்தம். எலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எலி இப்படி மூச்சு விடாது என்றும் தெரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அறிவழகன் வந்தான். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "எடுத்துட்டியா?"

எடுத்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முனகல் வந்தது. அவள் குரல் இல்லை. தேய்ந்த, வயதான, கோபமான குரல்.

"என்னா வெளையாட்டு இது?" என்று உள்ளே வந்தவனின் கால்கள் பெட்டிக்கு முன்னால் மடிந்தன. போர்வை சரிந்தது. இரண்டு கைகளும் கட்டைகள் மேல் போய் விழுந்தன. அவனுக்கு ஸ்வரம் ஒன்றும் தெரியாது. எதிரே போய் உட்கார்ந்தாள் வெண்மதி. யாரோ உட்கார வைத்தது போலிருந்தது. கை துருத்திக்குப் போனது.

அவள் முனகினாள். அவன் விரல்கள் பின்னாலேயே ஓடின. தப்பில்லாமல். வேகமாக. இன்னும் வேகமாக.

நகம் பெயர்ந்தது. வெள்ளைக் கட்டையில் ரத்தம். அவன் வாய் அகலமாகத் திறந்து மூடியது. நிறுத்து என்கிறான். சத்தம் வரவில்லை.

துருத்தியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தாள்.

கை வந்துவிட்டது. யாரும் பிடித்திருக்கவில்லை.

அந்தக் கையைப் பார்த்தாள். நோட்டீஸை நினைத்தாள். திரும்பவும் துருத்தியில் வைத்தாள்.

கணினி தானாகவே பதிவு செய்துகொண்டிருந்தது. முனகலுக்குத் திரையில் அலை எழும்பியது. ஆர்மோனியத்துக்கு எழும்பியது. அவன் கத்திக்கொண்டே இருந்தான், ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.

அவள் அமுக்கினாள்.