சந்தனம் பூசிய ரிவால்வர்

ரிவால்வருக்குச் சந்தனப் பொட்டு வைத்ததைக்கூட நல்லம்மாள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதன் வாய் பலகைச் சுவரைப் பார்த்திருந்ததுதான் என்னவோ போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு வீரம்மாவின் குழந்தை சேலைத் தொட்டிலில் தூங்குகிறது.

நல்லம்மாளின் புருஷன் பழனியப்பன், லகாட் ஈயச் சுரங்கத்தின் தலைமை ஜாகா, அதாவது காவல்காரர். புதிதாகச் சேரும் காவலாளிகளுக்கெல்லாம் ரிவால்வர் பாடம் எடுக்கிற மேதை. கீழே வைக்குமுன் ரவையை எடு. ஆள் இருக்கும் பக்கம் நீட்டாதே. சுடும்வரை விசையில் விரல் வைக்காதே. விரலை அவர் வைக்கவில்லைதான். ஆயுத பூஜைக்கென்று கம்பெனி ரிவால்வரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ரவை போட்டு, கம்பீரமாக இருக்கட்டும் என்று விசையைத் தொட்டாலே வெடிக்கும்படி அதன் முதுகிலுள்ள சுத்தியலையும் பின்னுக்கு இழுத்து, விசையைச் சுற்றிச் சாமந்தி மாலையைக் கோத்துவிட்டார்.

"ரவைய எடுத்துட்டு வைங்களேன்."

"வெறும் துப்பாக்கிக்குப் பூஜை போட்டா சாமி சிரிக்கும்லா."

"அப்ப வாயையாச்சும் திருப்புங்க. பக்கத்துல பச்சப்புள்ள."

"சாமிக்கு நேரா நீட்டச் சொல்றியா? படைச்சத நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாது. எனக்கே பாடமா நடத்துற?"

வடையைத் தின்று முடித்துச் சாய்வு நாற்காலியில் விழுந்தார். மூளை மதியமே தூங்கப் போயிருந்தது. உடம்பு இப்போதுதான் போய்ச் சேர்ந்துகொண்டது.

அந்தி மழை தகரக் கூரையில் கொட்ட, கரண்டு போக, கற்பூரப் புகையும் வாடிய சாமந்தியும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த வாடை வீடு முழுவதும் தேங்கி நிற்க, குத்துவிளக்கின் நிழல் சுவரில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது, பொரித் தட்டில் ஏதோ கொறிக்கிற சத்தம் கேட்டது.

எலி. மாலையின் நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"சூ!"

எலி மாலையை விட்டுவிட்டு பீரோவுக்கு அடியில் ஓடி மறைந்தது.

மாலை நிற்கவில்லை. மெல்ல நகர்ந்தது.

"ஏங்க! எந்திரிங்க!"

குறட்டை.

"வீரம்மா! புள்ளையத் தூக்குடி!"

மழை அவள் குரலை விழுங்கிவிட்டது.

கை நீட்டினாள். மாலை நூல் விசையில் இறுகியது. கையை இழுத்தாள். நூல் தளர்ந்தது. மறுபடி நீட்டினாள். இறுகியது. இன்னும் கொஞ்சம்.

வெளியே ஓடி, சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக நேரமில்லை. நல்லம்மாள் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, துப்பாக்கிக்கும் தொட்டிலுக்கும் நடுவே போய் நின்றாள். கறுத்த வாய் அவள் வயிற்றுக்கு நேராக இருந்தது.

மாலையின் நுனி மேலே எழும்பியது. வெறும் காற்றில், யாரோ விரலில் சுற்றிக்கொள்வதைப் போல, ஒரு சுற்று சுற்றியது.

இன்னொரு சுற்று.

பூக்கள் உதிர்ந்தன. விசையில் நூல் மட்டும் மிஞ்சியது.

விறைத்தது.