இடக்கைக் கத்திரி

துரைமார் காலத்துப் பங்களாத் தோட்டத்தைப் பழைய அழகுக்குக் கொண்டுவந்து, இன்னும் பத்தே நாளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள். வேலிச் செடி கத்தரிக்கும் வேலைக்குத் தங்கை அங்கே வந்து சேர்ந்தது ஒரு பனி மூடிய காலையில். அவள் அக்கா பார்த்த வேலை அது. அக்காவைக் காணோமென்று ஆகி மூன்று மாதம்.

“கொத்தனாரோட ஓடிட்டா உங்கக்கா. நீயாவது ஒழுங்கா இரு,” என்றார் மேனேஜர், வாய் கூசாமல்.

எந்தக் கொத்தனார் என்று கேட்டதும் நகர்ந்து போய்விட்டார். காய்ச்சலில் கிடந்த மகளுக்குப் பால் காய்ச்சி மூடி வைத்துவிட்டு, மத்தியானம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போனவளா ஓடிப்போவாள்? அந்தக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் ‘ஓடிப்போனவ மக’ என்று கூப்பிடுகிறார்கள். இந்த மேனேஜர் நாக்கு அழுகிப் போகாதா என்று தங்கை மனசுக்குள் சபித்தாள். அக்காவுக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வேலைக்கே வந்தாள்.

கருவி அறையில் ஆளுக்கொரு ஆணி. அக்காவின் ஆணி காலியாக இருந்தது. அக்கா இடது கைக்காரி. கொல்லனிடம் சொல்லி அடித்த கத்திரி அவளுடையது. வேறு யார் பிடித்தாலும் அது இலையை மெல்லுமே தவிர வெட்டாது.

“ஓடிப் போறவ கத்திரியையுமா தூக்கிட்டுப் போவா?” என்று மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் காதில் விழாத மாதிரி மண்வெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

தோட்டத்தின் நடுவில் வட்டமாக ஒரு புல்தரை, அதைச் சுற்றி இடுப்பளவு வேலிச் செடி. அன்று சாயங்காலத்துக்குள் பாதி வட்டம் கத்தரித்து முடித்தாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மீதிப் பாதியும் முடிந்திருந்தது.

குனிந்து காம்புகளைப் பார்த்தாள். வெட்டு எல்லாம் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

வெட்டிய தழை முழுவதும் புல்தரையின் நடுவில் குவிந்திருந்தது. பச்சை இலை வாசனையோடு, நாள்பட மூடிக் கிடந்த ஈரமண்ணின் வாடையும் வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம். காற்று அசையவில்லை.

சரக்.

அவள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

சரக். சரக்.

சத்தம் காலுக்கு அடியிலிருந்து வந்தது.

பயம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது. மேஸ்திரியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து அந்த இடத்தில் நிறுத்தினாள். சத்தம் அவர் காதிலும் விழுந்தது.

“இங்க ஒரு வறண்ட கிணறு இருந்துச்சும்மா,” என்றார் கிசுகிசுப்பாக. “வெட்டுன தழையை அதுலதான் கொட்டுவோம். நெறஞ்சா ஒரு ஆளு ஏணி வச்சு எறங்கி மிதிச்சு அமுக்கணும். அன்னைக்கு உங்கக்கா எறங்கியிருந்தா. நான் சாப்பிடப் போயிட்டேன். பழைய படத்துல கெணறு இல்லையாம், அதனால மூடணுமாம். மேனேஜர் லாரி மண்ணைக் கொட்டச் சொல்லிட்டாரு. ஏணி நிக்குதே, உள்ள யாருன்னு ஒரு குரல் குடுக்கல.”

“நீங்க திரும்பி வந்து அவர்கிட்ட சொல்லலியா?”

“சொன்னேன். இந்நேரம் செத்திருப்பா, வாயை மூடுன்னாரு. நான் புள்ளகுட்டிக்காரன்மா...”

“அவளும் புள்ள பெத்தவதான்யா!”

தங்கை மண்வெட்டியை எடுத்துப் புல்தரையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். சாப்பிட்ட கையோடு வேலையாட்கள் வந்து கூடினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் ஆணியிலிருந்து மண்வெட்டியை எடுத்து வந்தார்கள். “ஐயோ, புல்லு போச்சே!” என்று மேனேஜர் ஓடி வந்தார். அந்த நேரத்திலும் புல்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது, பாவி!

போலீஸ் வந்து மறுநாள் தோண்டி முடித்தது. ஏணி கிடைத்தது. அக்கா கிடைத்தாள், எட்டிப் பிடிக்கப் பார்த்தவள் மாதிரி இடது கையை உயர்த்தியபடி. கத்திரி மட்டும் கிடைக்கவில்லை. அத்தனை மண்ணையும் சலித்துப் பார்த்துவிட்டார்கள்.

ஓடிப்போனவ மக என்று அந்தக் குழந்தையை அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கைதான மேனேஜர் மட்டும் ஒரே மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்து, எதுவுமே நடக்காதது மாதிரி வீட்டில் காலை நீட்டிப் படுத்தார்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரி மூச்சு வாங்க ஓடி வந்தார். “அவரு வீட்டு வேலியை வந்து பாரும்மா.”

கேட்டிலிருந்து வீட்டுச் சுவரை ஒட்டிப் போகிற நீளமான வேலிச் செடி. அவர் வீட்டில் அதைக் கத்தரிக்க ஆளே கிடையாது. திங்கட்கிழமை கேட் ஓரம் ஒரு முழம் கத்தரித்திருந்ததாம். செவ்வாய்க்கிழமை வாசற்படி வரைக்கும். இன்று காலை அது படுக்கையறை ஜன்னலுக்கு வந்துவிட்டது.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே ஒருவன் தேம்பி அழுவது தெருவரைக்கும் கேட்டது.

தங்கை ஒரு காம்பைத் தொட்டுப் பார்த்தாள். வெட்டு இடப்பக்கம் சாய்ந்திருந்தது, பால் இன்னும் காயவில்லை.

“நல்லா வெட்டுக்கா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வீட்டுக்கு நடந்தாள்.

பின்னால் சத்தம் கேட்டது.

சரக். சரக்.