குழாய்த் துணி

உப்புப் பாலைவனத்தின் நடுவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நித்தீஷ் எடுத்த படத்தில் அப்படியொரு விளக்கு கிடையவே கிடையாது. கட்ச் பக்கம் போயிருந்தபோது, விடியும் முன்னால் தன்னந்தனியாக நின்று எடுத்த படம் அது. லேப்டாப்பில் பார்த்தால் வெறும் வெள்ளை உப்பும் வானமும்தான். ப்ரொஜெக்டர் வழியாகத் துணியில் விழும்போது மட்டும், கீழ் ஓரத்தில், சுண்டைக்காய் அளவுக்கு மஞ்சள் வெளிச்சம். லென்ஸில் ஏதோ ஒட்டியிருக்கும் என்று பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துப் பார்த்தான். போகவில்லை.

வெளியே வீரபாண்டி வெயில் கொளுத்தும் மத்தியானம். உள்ளே, அப்பா லிங்கசாமியின் மூடிக்கிடக்கும் சாயப்பட்டறைக் குடோனில், ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்து, பழைய சாயத்தின் காரநெடியும் பக்கத்து ஷெட்டு மெஷின்களின் ஓயாத தடதடப்பும் மட்டும் உள்ளே வருகிறாற்போல இருட்டாக்கி வைத்திருந்தான். பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினிலிருந்து துணி குழாயாகத்தான் இறங்கும். வெட்டி விரித்தால்தான் அது திரை. நித்தீஷ் வெட்டவில்லை. உத்தரத்தில் ஒரு இரும்பு வளையத்தைக் கட்டி, குழாயை அப்படியே தரைவரை தொங்கவிட்டிருந்தான். முன் அடுக்கில் ஒரு காட்சி, அதை ஊடுருவிப் பின் அடுக்கில் அதே காட்சி மங்கலாக. அப்போதுதான் வெளிச்சத்துக்கு ஆழம் வருமாம். பெரிய கலைஞரல்லவா! ஆழத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்வார்.

வாட்ச்மேன் சகாயராஜ் செத்ததும் அந்த ஆழத்துக்காகத்தான். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியின் சுவரில் காலங்காலமாகச் சாயம் நீலமும் சிவப்புமாகப் படிந்திருந்தது. உள்ளே ஒரு ஆள் விளக்குப் பிடித்து நின்றால் படம் பிரமாதமாக இருக்கும் என்று நித்தீஷ்தான் அந்தத் தூத்துக்குடிக்காரரை இறக்கிவிட்டான். அடியில் தேங்கியிருந்த விஷவாயு ஆளை முடித்துவிட்டது. "குடிச்சுப்போட்டு உழுந்துட்டானுங்க" என்றார் அப்பா போலீஸிடம். உடனிருந்த ஒரே ஆள் மகன். அவனும் தலையாட்டினான்.

அடுத்த படத்துக்கு மாற்றினான். ஸ்பிதியின் பனிமலை. விளக்கு எலுமிச்சை அளவாகியிருந்தது. அதைப் பிடித்தபடி ஒரு கை.

கதவு தட்டும் சத்தம். தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு. திறந்தால் ரோஸ்மேரி, சகாயராஜின் மனைவி. தையல் வேலைக்கு நடுவில் ஓடிவந்திருக்க வேண்டும். கம்பெனி அட்டை கழுத்திலேயே தொங்கியது.

"வேற ஒண்ணும் வேண்டாம் தம்பி. அவரு குடிக்கலன்னு ஒரு வார்த்த வந்து சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல எம் புள்ளய குடிகாரன் மவன்னு கூப்புடுதானுவ."

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க அக்கா. அப்பாகிட்டப் பேசுங்க."

"கூட நின்னது நீங்கதான?"

"நின்னனுங்க. ஆனா நான் எதையும் பாக்கலீங்க."

அழுவாள், காலில் விழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், துணியில் விளக்கைப் பிடித்திருந்த அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகம் இறுகியது. அப்புறம், பாவி மனுஷி, லேசாகச் சிரித்தாள்.

"சரி. நான் கேட்டாச்சு. இனி அவரு பாத்துக்கிடுவாரு."

போய்விட்டாள். கதவைச் சாத்தித் திரும்பினான். துணியில் தனுஷ்கோடிக் கடல் இருந்தது. அவன் மாற்றவில்லை. அலைக்குள் ஒரு ஆள், கையில் விளக்கோடு. துணியின் மேல் விழுந்த உருவம் அல்ல அது. இரண்டு அடுக்குக்கும் நடுவில் நின்றது. துணி மெல்ல உப்பியது. அமுங்கியது. மறுபடி உப்பியது.

ப்ளக்கைப் பிடுங்கினான்.

கடல் அணைந்தது. விளக்கு அணையவில்லை.

அப்போதுதான் உறைத்தது, பக்கத்து ஷெட்டின் தடதடப்பு நின்றுபோயிருந்தது. அழுகின முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. ஐயோ சாமி என்று கதவுக்கு ஓடினான். கையில் பட்டது கதவில்லை. துணி. வலப்பக்கம் தடவினான். துணி. பின்னால். துணி. பிடித்துக் கிழிக்கப் பார்த்தான். விரலுக்கடியில் அது சில்லிட்டது, கெட்டியானது, சிமெண்டுச் சுவராகச் சொரசொரத்தது. காலடியில் சேறு. கணுக்கால்வரை.

தன் கையைப் பார்த்தான். விளக்கு அதில்தான் இருந்தது.

நெஞ்சு எரிந்தது. கத்தினான். இருமல்தான் வந்தது. அண்ணாந்து பார்த்தான்.

உயரத்தில் தொட்டியின் வாயாக ஒரு வட்டம். அதில் வானம். விளிம்பில் ஒருவன் குனிந்துகொண்டிருந்தான், கழுத்தில் கேமராவோடு.

நித்தீஷ்.

அவன் முகமேதான். அவனுடைய சட்டையேதான். கீழே ஒருவன் மூச்சுக்குத் தவிப்பதையும் முட்டி மடிந்து சரிவதையும் மேலே இருந்தவன் நன்றாகவே பார்த்தான். ஓடவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. வெளிச்சம் அவ்வளவு அழகாக விழுந்திருந்தது. கேமராவைக் கண்ணுக்கு ஏற்றி, அவசரமில்லாமல் லென்ஸைத் திருகி, ஒரு படம் எடுத்தான்.

சரியாக வரவில்லை போலும். கொஞ்சம் நகர்ந்து நின்று இன்னொன்று எடுத்தான்.