தூளிக் கிணறு

ஸர்வான் நாட்டில் யாரும் சீராக நடப்பதில்லை. இரண்டு எட்டு வேகமாக, ஓர் எட்டு மெதுவாக, கொஞ்சம் நின்று, பிறகு ஒன்று. வெங்காயம் நறுக்குகிறவர்களும் அப்படித்தான். ஆணி அடிக்கிற தச்சன் நடுவில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பான். வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இங்குள்ள குழந்தைகளோ நடக்கப் பழகும்போதே இதையும் பழகிவிடுகின்றன.

காரணம் பூமிச்செவிகள். எண்ணெய் எரித்தது போதும் என்று உலக நாடுகள் முடிவெடுத்தபோது ஸர்வானோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எண்ணெயை நிலத்தடியிலேயே உறங்கவிட்டால், தோண்டாத ஒவ்வொரு பீப்பாய்க்கும் பணம். அதற்கு உறக்கத்தொகை என்று பெயர். யாரும் திருட்டுத்தனமாக இறைக்காமலிருக்கப் பாலைவனம் முழுக்கச் செவிகளைப் புதைத்தார்கள். எண்ணெய் இறைக்கும் தலையாட்டி இயந்திரத்தைக் காட்டிக்கொடுப்பது அதன் விடாத சீர்தான். அதனால் செவிகள் சத்தத்தைப் பொருட்படுத்துவதில்லை. சீரைத் தேடுகின்றன.

முதலில் தறிகள் நின்றன. பிறகு அச்சகம், மாவு ஆலை, ஐஸ் தொழிற்சாலை. யாரும் தடை போடவில்லை. ஆலை ஓடினால் செவிகள் எச்சரித்தன, எச்சரித்தால் தொகையில் பிடித்தம் விழுந்தது. ஆலைக்காரர்கள் தாங்களாகவே பூட்டிவிட்டார்கள். இப்போது ரொட்டிகூடக் கப்பலில் வருகிறது. எண்ணெய் விற்ற காலத்திலும் அது கப்பலில்தான் வந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தையல்நாயகி செவி நிலையத்தில் கேட்பாளராக இருந்தாள். அரியலூரிலிருந்து வந்து பத்து வருடமாகிறது. பேறுகால விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். காதுக்குழலை மாட்டிக்கொண்டதும் மனதுக்குப் பழகிய அந்த ஆழம் வந்தது. மணல் நகர்வது, பாறை குளிர்வது, வேறொன்றும் இல்லாதது. அவளுக்குப் பிடித்த வேலை அது.

அந்த ஒன்றுமில்லாததற்குள் ஏதோ அசைந்தது. போய், வந்து. போய், வந்து.

நிலையத் தலைவி சலாமா தன் காதுக்குழலை அழுத்திக்கொண்டாள். "உம்மு ஆதன்," என்றாள். பிள்ளை பிறந்ததிலிருந்து தையல்நாயகியை 'ஆதனின் தாய்' என்றுதான் கூப்பிடுகிறாள். "இது தலையாட்டிதான். என் வாழ்நாளில் பாதி அதன் பக்கத்தில் தூங்கியவள் சொல்கிறேன்."

"யார் இறைக்கப் போறாங்க? வாங்க ஆளே கிடையாதே?"

"அதுதான் எனக்கும் பயம். அடுத்த வாரம் உடன்படிக்கைச் சபை கூடுகிறது. யாருக்கும் வேண்டாத எண்ணெயைத் தோண்டாமலிருக்க எதற்குப் பணம் என்று கேட்கிறார்கள். தொகையைப் பாதியாக்கப் போகிறார்களாம். இந்த நேரத்தில் இது வேறு."

எச்சரிக்கை மாலையில் தானாகச் சபைக்குப் போய்விடும். அதற்குள் காரணம் தெரிய வேண்டும். இருவரும் கைச்செவியை எடுத்துக்கொண்டு வண்டியில் கிளம்பினார்கள். ஊசி வடக்கே காட்டியது. பிறகு பழைய ஊழியர் குடியிருப்பை. பிறகு மூன்றாம் தெருவை. வண்டி தையல்நாயகியின் வீட்டு வாசலிலேயே நின்றது.

உள்ளே அவள் கணவன் மருதையன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலால் தூளியின் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். தூளி அவளுடைய பழைய நூல் சேலை. அதை அன்று காலைதான் வீட்டின் நடுவே நின்ற இரும்புக் குழாயிலிருந்து நீண்ட உத்தரத்தில் கட்டியிருந்தான். ஒரு காலத்தில் அவன் எண்ணெய்க் குழாய் பற்றவைக்கிறவன். பற்றவைக்கக் குழாய் எதுவும் இல்லாததால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டான்.

"ஷ்ஷ்," என்றான் கண்ணைத் திறக்காமல். "இப்பதான் கண்ண மூடினான். வயித்து உப்புசம். காலைலேர்ந்து ஒரே கத்து."

"ஏங்க, கால எடுங்க."

"எடுத்தா முழிச்சுக்குவான்."

"எடுங்கன்னு சொல்றேன்ல. நாடே நடுங்குது."

அவன் காலை எடுத்தான். கைச்செவியில் ஊசி படுத்தது. சலாமா குழாயின் அடியில் குனிந்து பார்த்தாள். தூண் என்று எல்லோரும் நினைத்திருந்த அது, யாரோ தோண்டிப் பார்த்துக் கைவிட்ட கிணற்றின் குழாய். நேராக எண்ணெய்ப் படுகைவரை இறங்கியது. அதைச் சுற்றியே வீட்டைக் கட்டியிருந்தார்கள்.

"குழாய் வேலைக்காரரே, இதைக் கண்டுபிடிக்கவில்லையா நீங்கள்?" என்றாள் சலாமா.

"உறுதியா இருந்துச்சு," என்றான் மருதையன். "தூளிக்கு அதான் வேணும்."

ஆதன் விழித்துக்கொண்டு அழத் தொடங்கினான். தையல்நாயகி நாட்டு வழக்கப்படி சீர் இல்லாமல் ஆட்டிப் பார்த்தாள். இரண்டு வேகம், ஒன்று மெதுவாக. அவன் இன்னும் வீறிட்டான். எங்கிருந்து வந்தானோ, அவனுக்குச் சீர் வேண்டியிருந்தது. கடைசியில் சலாமாவே பெருமூச்சு விட்டு, "ஆட்டுங்கள். தூங்கட்டும். நான் அறிக்கை எழுதுகிறேன்," என்றாள்.

அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: ஒரு குழந்தையின் தொட்டில்.

சபை அதை நம்பவில்லை. ஸர்வான் மறுபடி இறைக்கத் தயாராகிறது என்ற செய்தி ஒரே நாளில் பரவியது. மலிவாக எண்ணெய் வந்தால் தங்கள் புதிய மின்னாலைகள் என்னாகும் என்று பயந்த நாடுகள் தொகையைப் பாதியாக்கும் பேச்சை விட்டன. அடுத்த வாரம் அதை உயர்த்தின.

நிதி அமைச்சகத்திலிருந்து ஃபஹீம் என்ற இளம் அதிகாரி தொலைபேசியில் பேசினார். மிக மரியாதையான குரல். "ஐயா, தொட்டிலை நிறுத்த வேண்டாம். காலையும் மதியமும், வழக்கம்போல. நாம் எதையும் மறைக்கவில்லை. தொட்டில் என்றுதான் இன்றும் சொல்கிறோம்."

"பையன் வளந்துட்டா?" என்றான் மருதையன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "எப்போது வளர்வார்?"

வளர்ந்தான். மழை பெய்யாத இரண்டு பருவங்கள் போயின. உப்புசம் சரியானது. கவிழ்ந்தான், தவழ்ந்தான், எதையாவது பிடித்து உட்கார்ந்தான். ஒரு நாள் மதியம், விளையாடிக்கொண்டிருந்த பாயிலேயே, யாரும் ஆட்டாமல், கையில் கரண்டியோடு தூங்கிப்போனான். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவன் முதன்முதலாகத் தானாகத் தூங்கிய தூக்கம் அது. மூச்சு ஏறி இறங்குவதைத் தவிர வீட்டில் ஒன்றும் அசையவில்லை. தையல்நாயகிக்கு நிலத்தடி ஆழம் நினைவுக்கு வந்தது.

தொலைபேசி ஒலித்தது. ஃபஹீம். "அம்மா, நின்றுவிட்டதே?"

"தூங்கிட்டான்," என்றாள் மெதுவாக. "கீழயே."

"தயவுசெய்து தொட்டிலை மட்டுமாவது ஆட்டுங்கள். சபை கேட்டுக்கொண்டிருக்கிறது. குடிநீர்க் கப்பலே அந்தப் பணத்தில்தான் வருகிறது."

அவள் சொன்னதும் மருதையன் பட்டென்று கையைக் கட்டிக்கொண்டான். "வெறுந்தூளிய ஆட்டக் கூடாது நாயகி. பிள்ளைக்கு வயித்த வலிக்கும். மறுபடி அந்த உப்புசத்த என்னால பாக்க முடியாது."

"நீங்க நம்புறீங்களா அத?"

"நீ ஆட்டு பாப்போம்."

அவள் கயிற்றைத் தொட்டாள். ஆட்ட முடியவில்லை. அறை முழுக்க அந்தக் கயிறுதான் இருந்தது.

பிறகு அலமாரியிலிருந்து நிலையத்தார் நினைவாகக் கொடுத்த கண்ணாடிப் புட்டியை எடுத்தாள். கடைசிக் கிணற்றை மூடிய நாளில் பிடித்த எண்ணெய். கறுப்பாக, கனமாக, கையில் மெதுவாகப் புரண்டது. தூளியில் ஒரு துணியை விரித்து அதைப் படுக்கவைத்தாள்.

"இப்ப வெறுந்தூளி இல்லையே."

மருதையன் எட்டிப் பார்த்தான். சிரிப்பு வந்தது அவனுக்கு. "மூடி இறுக்கமா இருக்கா பாரு. இது ஈரமாக்கிட்டா சேலை போச்சு." சொல்லிக்கொண்டே துணியின் ஓரத்தைப் புட்டியைச் சுற்றி மடித்துவிட்டான், குளிர் படாமல். பிறகு கயிற்றை இழுத்தான்.

போய், வந்து. போய், வந்து.

அந்த நேரத்தில் எங்கோ குடிநீர்க் கப்பல்கள் கிளம்பியிருக்கும். வெகுநேரம் கழித்து ஆதன் விழித்தான். அழவில்லை. எழுந்து உட்கார்ந்து, தன் தூளிக்குள் ஏதோ கறுப்பாகக் கிடப்பதைப் பார்த்தான். அவர்களைப் பார்த்தான். தவழ்ந்து வந்து, சேலையின் நுனியைப் பற்றிக்கொண்டு, தள்ளினான்.

தூளி போனது. வரும்வரை காத்திருந்து மறுபடி தள்ளினான். சீர் பிசகவே இல்லை.

"பாரேன் இவன," என்றான் மருதையன். குரல் நெகிழ்ந்திருந்தது. கயிற்றிலிருந்து அவன் கை மெல்ல விலகியது.

தையல்நாயகி தொலைபேசியைப் பார்த்தாள். அது ஒலிக்கவில்லை.