அதே மாதிரி ஒன்று

ஃப்ரிட்ஜைத் திறந்தால் விசில் வர வேண்டும். அன்று காலை வரவில்லை.

பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அவள் நின்றாள். கதவை மூடி மறுபடியும் திறந்தாள். ரப்பர் பட்டை பிரிகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்டால் போதும், கூடத்து ஜன்னலோரக் கூண்டிலிருந்து ‘வீக் வீக்’ என்று வீடே அதிரும்படி ஒரு கூப்பாடு கிளம்பும். கொத்தமல்லி வருகிறது என்று அதற்குச் சந்தோஷம். இன்று குழாய் சொட்டும் சத்தம் இருந்தது, மாடி வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் இருந்தது, உள்ளறையில் மகள் தூக்கத்தில் புரளும் சத்தம்கூட இருந்தது. அது மட்டும் இல்லை.

கினிப்பன்றி கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தது. தூங்கும்போதும் அது அப்படித்தான் என்பதால் அவளுக்கு உடனே புரியவில்லை. முதுகில் விரலை வைத்த பிறகுதான் புரிந்தது. முடி மெத்தென்று இருந்தது, அதன் கீழே உடம்பு மரக்கட்டையாக இருந்தது.

பாப்பாவின் அப்பா வேறு ஒருத்தியோடு வேறு ஊருக்குப் போன பிறகு வாங்கியது அது. மகளுக்கு எட்டு வயதாகியும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அவர் போனதிலிருந்து பாப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த செல்லப்பிராணிக் கடையில், கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து அவள் கையில் வைத்துப் பாடம் நடத்தினார். “கண்ணு பளிச்சுன்னு இருக்கணும் கண்ணு. மூக்கு ஒழுகக் கூடாது. காதுகிட்ட வெச்சுக் கேளு, மூச்சுல கறகறன்னு சத்தம் வரக் கூடாது. தூக்கினா கனமா, நல்லாக் கட்டின பொட்டலம் மாதிரி இருக்கணும்.” பாப்பா பழுப்பு நிறத்தில், நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைக் கோடு போட்ட ஒன்றை எடுத்தாள். அதற்குப் பொட்டலம் என்றே பெயரும் வைத்தாள்.

“ஒண்ணை மட்டும் குடுக்க எனக்கு மனசில்லைம்மா,” என்றார் கடைக்காரர். “இது கூட்டத்தோட இருக்கிற ஜீவன். தனியா விட்டா ஏங்கிடும். ரெண்டா எடுத்துக்கோங்க.”

“தனியா இருந்தா யாரும் செத்துட மாட்டாங்க,” என்றாள் அம்மா.

கடைக்காரர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னார். “இதுக்கு உடம்பு முடியலைன்னாலும் வெளிய காட்டிக்காதும்மா. காட்டினா பெரிய மிருகம் ஏதாச்சும் தூக்கிட்டுப் போயிடும்னு பயம். தின்னுற மாதிரி வாயை அசைச்சுக்கிட்டே இருக்கும். நீங்க புல்லைப் பாருங்க. புல்லு குறையலைன்னா அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடிடுங்க.”

சில நாட்களாகவே புல் குறையவில்லை. அவள் பார்த்தாள். புல் மூட்டை இன்னும் கொஞ்ச நாள் வரும் என்று நிம்மதிப்பட்டாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிற வேலை அவளுக்கு. சுவரில் இருக்கும் எழுத்து தெரியாதவர்களை நாளெல்லாம் உட்காரவைத்துப் பரிதாபப்பட்டவளுக்கு, சொந்த வீட்டுக் கூண்டு தெரியவில்லை.

ஆனால் அந்தக் காலையில் அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. பாப்பாவின் அப்பா பிரியும்போது சொன்ன சொல் இன்னும் காதில் காய்ந்து கிடந்தது. “முதல்ல ஒரு எலிக்குட்டியையாவது உருப்படியா வளர்த்துக் காட்டு. அப்புறம் பிள்ளையைப் பத்திப் பேசலாம். அவ அங்க சரியில்லைன்னு தெரிஞ்சா, வந்து கூட்டிட்டுப் போயிட்டே இருப்பேன்.” ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் அவர் வீடியோவில் வருவார். பாப்பா அவரிடம் பொய் சொல்ல மாட்டாள். அம்மா சாகவிட்டுட்டா என்று ஒரு வார்த்தை போதும்.

பாப்பா எழுவதற்குள் அதைப் பழைய துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். கூண்டைத் துணியால் மூடி, தூங்குகிறது, எழுப்பாதே என்றாள். பள்ளி வேன் பாப்பாவை ஏற்றிக்கொண்டு போனதும், தெருமுனைக் குப்பைத் தொட்டியில் பையைப் போட்டுவிட்டு நேராகப் பிராணிக் கடைக்குப் போனாள். கண்ணாடிச் சட்டத்தில் மயிரிழைக் கோணலைப் பிடிக்கிற கண் அல்லவா, தேடி எடுத்துவிட்டது. அதே பழுப்பு, அதே பருமன், அதே வெள்ளைக் கோடு. கோடு மட்டும் மூக்கைத் தொடாமல் கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“துணைக்கா? நல்லது,” என்று கடைக்காரர் சந்தோஷப்பட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் பாப்பா கூண்டின் முன்னால் மண்டியிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எதுவும் கேட்காமல் தண்ணீர்க் குப்பியைக் கழுவி நிரப்பினாள், ஈரமான புல்லை மாற்றினாள், குடைமிளகாயைச் சின்னச் சின்னதாக நறுக்கி வைத்தாள். எல்லாம் வழக்கம்போலச் செய்தாள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் அன்றோடு விட்டுவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்று அம்மா மூச்சு விட்டாள்.

மறுநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தபோது விசில் வந்தது. புதியது சீக்கிரமே பழகிவிட்டதே என்று கொத்தமல்லியோடு கூடத்துக்குப் போனாள். அது மூலையில் ஒடுங்கி, அசையாமல், ஊமையாக உட்கார்ந்திருந்தது. விசில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. பாப்பாவின் அறையிலிருந்து. இவள் போய்ப் பார்த்தபோது பாப்பா தரையில் உட்கார்ந்து புத்தகப்பையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீயா விசில் அடிச்ச?”

“இல்லம்மா.”

அறையில் காய்ந்த புல்லின் வாசனை அடித்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி புல் எட்டிப் பார்த்தது. விளையாட்டு என்று நினைத்துக் காலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

ஒருநாள் தலை பின்னிக்கொண்டிருந்தபோது பாப்பா திரும்பாமலே கேட்டாள். “அம்மா, நான் செத்துட்டா, என்னை மாதிரியே ஒண்ணு கொண்டாந்துடுவியா?”

சீப்பு நின்றது. அள்ளி அணைத்திருக்கலாம். தப்புதான், நான்தான் கவனிக்கலை, மன்னிச்சுக்கோ என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை அதற்காகத்தான் கதவைத் தட்டியது. அவள் வாயில் வந்ததோ வேறு. “வாயை மூடு. இந்த மாதிரியெல்லாம் அப்பாகிட்ட உளறிட்டிருக்காதே.”

“சரிம்மா,” என்றாள் பாப்பா.

அதற்குப் பிறகு பிள்ளை இளைக்க ஆரம்பித்தாள். தட்டு காலியாகத்தான் திரும்பும். வாய் அசைந்துகொண்டேதான் இருக்கும். ஒருநாள் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில், புல்லுக்குள், காய்ந்துபோன சோற்று உருண்டைகள் வரிசையாக இருந்தன. டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, வளர்கிற பிள்ளைதானே என்று சத்து மருந்து எழுதினார். பாப்பா டாக்டரிடம் அழகாகச் சிரித்தாள், ஓடச் சொன்னபோது ஓடிக் காட்டினாள், வீட்டுக்கு வந்து சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்துகொண்டாள். கதவு சாத்துகிற சத்தத்துக்கெல்லாம் உறைந்து போனாள். தூங்கும்போது கண்கள் பாதி திறந்திருந்தன. போர்வையைச் சரிசெய்யப் போன அம்மாவை அந்தக் கண்கள் பார்த்தன, அல்லது பார்க்கவில்லை.

வீடியோவில் அப்பா வந்த அன்று, பாப்பாவுக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கன்னத்தில் பவுடரை அப்பி, வெளிச்சமான ஜன்னலோரம் உட்காரவைத்தாள். போனுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சிரி, சிரி என்று சைகை காட்டினாள்.

“என்ன, இப்படிக் குச்சியாட்டம் ஆயிட்டா?” என்றார் அவர். “உனக்கு முடியலைன்னா சொல்லிடு. அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் கிளம்பி வந்துடுவேன். இங்க பார்த்துக்க ஆள் இருக்கு.”

ஆள் இருக்கிறதாம். அந்த ஒரு சொல் அவள் வயிற்றில் பல நாள் எரிந்தது. கண்ணாடிக் கடைக்கு ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தபோதும் எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் பாப்பா வயதுதான். கொழுகொழு கன்னம், நிற்காத பேச்சு. சட்டத்தை அதன் காதில் மாட்டிவிடும்போது, நம் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால் யார் வந்து என்ன கேட்க முடியும் என்று ஒரு நினைப்பு ஓடியது. பாப்பா குணமாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. இப்படி ஒன்று இருந்தால் என்றுதான் நினைத்தாள்.

அன்று சாயங்காலம் மழை. படிக்கட்டில் கீழ் வீட்டு அக்கா ஈரக்குடையை உதறிக்கொண்டிருந்தாள்.

“பாப்பா வந்தாச்சாக்கா?”

“வந்தாச்சு வந்தாச்சு. ஆனா பாரு, எனக்குத்தான் வயசாயிடுச்சு போல. ரெண்டு தடவை என்னைத் தாண்டி மேல ஏறிப் போனா. நடுவுல எப்ப இறங்கினான்னுதான் தெரியலை. நான் இந்த வாசலை விட்டு நகரவே இல்லையே.”

அவள் சாவியை எடுப்பதற்குள் கதவு திறந்தது. பாப்பா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, பசிக்குதும்மா! ஸ்கூல்ல என்ன ஆச்சு தெரியுமா?” கன்னம் சிவந்து உப்பியிருந்தது. பிடி இறுக்கமாக இருந்தது. தூக்கினாள், கனத்தது. காலையில் பின்னிவிட்ட அதே ஜடை, அதே சட்டை. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மருந்து பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள்.

பாப்பா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, ரொட்டியை அள்ளி அள்ளித் தின்றாள். இன்னும் வேண்டும் என்றாள். ஜாம் எடுக்க அவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

விசில்.

மெலிந்த விசில். தேய்ந்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. கூண்டில் இருந்தது ஊமையாக இருந்தது. மேசையில் இருந்த பாப்பா மென்றுகொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

“என்ன சத்தம் அது?”

“பக்கத்து வீடும்மா,” என்றாள் பாப்பா, நிமிராமல். “நீ ஜாம் எடு.”

அவள் எடுக்கவில்லை. உள்ளறைக்குப் போனாள். விளக்கைப் போட்டாள். மழைச் சத்தம். புல் வாசனை, அதோடு நனைந்த துணியின் வாசனை. கட்டிலுக்கு அடியில் இருட்டு. குனியாதே என்று உடம்பு சொன்னது. குனிந்தாள்.

புல்லுக்குள் பாப்பா இருந்தாள்.

முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, சுவரோரம் ஒடுங்கி. அதே சட்டை. அதே ஜடை. கண்கள் திறந்திருந்தன. உதடு லேசாகக் குவிந்தது. விசில் வந்தது, கொஞ்சமே கொஞ்சம்.

“பாப்பா.”

கையை நீட்டினாள். விரல்கள் கிடைத்தன. குச்சி குச்சியான விரல்கள். சில்லென்று இருந்தன. ஆனால் பிடித்தன. அவள் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டன, பிறந்த அன்று பிடித்ததுபோல. என் பிள்ளை. இதுதான். சுவர் எழுத்தை வைத்துச் சோதிக்கத் தேவையில்லை, சந்தேகமே இல்லை. இழுத்து வெளியே எடுக்க வேண்டும். மடியில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

கூடத்தில் போன் மணி அடித்தது. அடித்து நின்றது.

“அப்பா! நல்லா இருக்கேன்ப்பா. இதோ பாருங்க, எவ்வளவு சாப்பிட்டேன்னு. அம்மாவா? உள்ள இருக்காங்க. இருங்க, காட்டறேன்.”

காலடிகள் வந்தன. கனமான, ஆரோக்கியமான காலடிகள். வாசற்படியில் நின்றன. போன் அவள் முகத்துக்கு நேரே நீண்டது. திரையில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அதன் ஓரத்தில், அவள் தோளுக்குப் பக்கத்தில், கொழுகொழு கன்னம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது.

“அட, பரவாயில்லையே! நல்லாத் தேத்திட்டியே பிள்ளையை,” என்றார் அவர். “நான் டிக்கெட் போட்டு வெச்சிருந்தேன். இதுதான் சரி, இவ இப்படித்தான் இருக்கணும். என்ன, நல்லாத்தானே இருக்கா? வர வேண்டாம்ல?”

சொல்லிவிட வேண்டும். இது இல்லை, இங்கே கட்டிலுக்கு அடியில் என்று. சொன்னால் வருவார். வந்தால் எடுத்துக்கொண்டு போவார். எதையாவது ஒன்றை. கையில் இருந்த பிடி ஒருமுறை இறுகியது. காதருகே, ஜாம் இல்லாத ரொட்டி வாசனையோடு, சூடான மூச்சு பட்டது. காத்திருந்தது.

“நல்லா இருக்கா,” என்று தன் குரல் சொல்வதை அவள் கேட்டாள். “நீங்களே பார்க்கறீங்களே.”

கட்டிலுக்கு அடியில் சுண்டுவிரலைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். தோளில் இருந்த பாப்பாவும் சிரித்தாள். அவளும் திரையைப் பார்த்துச் சிரித்தாள், ஒரு கை இன்னும் இருட்டுக்குள் நீண்டிருக்க, விறைத்துக்கொண்டிருந்த அந்த உள்ளங்கையைத் தடவியபடி.