ஜன்னலோரம் நின்ற அக்கா

"ஐயா, எதிர்வீட்டு ஹிமேனா தன் அக்காவக் கொன்னுட்டா!" என்று மூச்சிரைக்க வந்து நின்றாள் விதவை கித்தேரியா.

நீதிபதி லெஸ்மெஸ் வாயிலிருந்த ரொட்டியை விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார். மாட்ரிட் நகரமே தீப்பிடித்தாலும் மனிதர் பாதிச் சாப்பாட்டில் எழ மாட்டார்.

"பாத்தீங்களா?"

"குளிர்காலம் பூரா சாயங்காலத்துல அந்த ஜன்னல்ல ரெண்டு நிழல் தெரியும். ஹிமேனா உட்கார்ந்து பேசுவா. அக்கா ஒலாயா நின்னு கேட்டுக்கிட்டிருப்பா, தொலேதோ ஊர்லேர்ந்து வந்தவளாம். தண்டோரா போட்டதுலேர்ந்து அக்காவக் காணோம். கொல்லையில எரிஞ்ச நாத்தம் வேற!"

பாவாடையை விரித்துக் காட்ட உள்ளே கட்டும் வளையக் கூட்டை இனிக் குடும்பப் பெண்கள் அணியக் கூடாதென்பது ராஜாவின் தண்டோரா. நடுத்தெருவிலேயே காவலர்கள் அதை அவிழ்த்துப் பறித்தார்கள். வெட்கங்கெட்ட பிழைப்பு!

எல்லோரும் ஹிமேனா வீட்டுக்குப் போனார்கள். காவலன் ததேயோ கொல்லைச் சாம்பலைக் கிளறி, கருகிய இரும்பு வளையங்களோடு ஓடி வந்தான்.

"பீப்பா வளையம் ஐயா! உடம்ப உள்ள அடைச்சு எரிச்சிருக்கா. விலங்கு மாட்டட்டுமா? தூக்குதான் இவளுக்கு!"

ஹிமேனா வெளிறிப்போய் நின்றாள்.

லெஸ்மெஸ் வளையங்களைத் தரையில் வரிசையாக வைத்தார். "பீப்பா நடுவுலதான் பெருசு. இது ஒண்ணுக்கொண்ணு பெருத்துக்கிட்டே போகுது. வட்டமும் இல்ல, ரெண்டு பக்கமும் இழுத்த மாதிரி நீளவாட்டம். இந்தப் பீப்பா உருளுமாடா?"

"அப்போ... பாவாடைக் கூடா? அக்கா எங்க ஐயா?"

"கித்தேரியாம்மா, ஒரு நாளாச்சும் அந்த அக்கா உட்கார்ந்து பாத்தீங்களா?"

கித்தேரியா யோசித்தாள். "இல்ல ஐயா."

"குளிர்காலம் பூரா ஒரு மனுஷி நின்னுக்கிட்டே இருப்பாளா? தட்டுல ரெண்டு கோப்பை இருக்கு. ஒண்ணுலதான் சாக்லேட் குடிச்ச கறை. ஆள் இல்லாம தானா நிக்கற உடுப்பு, கூடு வச்ச பாவாடை ஒண்ணுதான்."

ஹிமேனா முகத்தைப் பொத்திக்கொண்டாள். "அக்கா தொலேதோவிலயே ஜுரத்துல போயிட்டா. அவ பெட்டி மட்டும் வந்துச்சு. கூட்டு மேல அவ உடுப்பப் போட்டு, முக்காடு தொங்கவிட்டு, அதுகிட்ட பேசிக்கிட்டிருந்தேன். சோதனைக்கு வருவாங்கன்னு பயந்து எரிச்சேன். கொலைகாரின்னே இழுத்துட்டுப் போயிருக்கலாம் ஐயா! இப்ப தெருவே சிரிக்குமே."

"பைத்தியம்" என்று முணுமுணுத்தான் ததேயோ.

"வாய மூடு!" லெஸ்மெஸ் திரும்பினார். "கித்தேரியாம்மா, நீங்க ஏன் தினமும் இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தீங்க?"

கித்தேரியா தலைகுனிந்தாள். புருஷன் போனதிலிருந்து அவளுக்கும் பேச ஆளில்லை. அந்த இரண்டு நிழல்களைப் பார்த்துப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை ததேயோ ஓடி வந்தான். "அந்த ஜன்னல்ல மறுபடி ரெண்டு நிழல் ஐயா!"

"ரெண்டாவது நிக்குதா?"

"இல்ல ஐயா, உட்கார்ந்திருக்கு. சாக்லேட்டுல சர்க்கரை பத்தலன்னு சண்டை போடுது."

லெஸ்மெஸ் மீதி ரொட்டியைக் கையில் எடுத்து நிம்மதியாகக் கடித்தார்.